முகூர்த்தம் எந்த மாதம்? அதை வைத்துத்தான் தேனிலவு எந்த நாடு

"ஒன்றரை லட்சம் கையில இருக்குதுங்க. தாய்லாந்தா, பாலியா, இலங்கையான்னு ஒரு மாசமா முடிவு பண்ண முடியல." கல்யாண சீசன் தொடங்கிவிட்டால் என்னிடம் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருப்பார்கள், கோவையில் ஐடி வேலையில் இருப்பார்கள், ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பார்கள். கல்யாணச் செலவை இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொள்கிறார்கள். தேனிலவுக்கு மட்டும் பெண்ணும் பையனும் தங்கள் சம்பளத்தில் சேர்த்த காசு. அந்தக் காசு மழையிலும் டாக்ஸியிலும் கரையக் கூடாது என்பதுதான் என் கவலை.

பேக்கேஜ் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு வராது. முதலில் இந்த நாலைந்து கேள்விகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

மாதம். நமக்குக் கல்யாணம் ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. மார்கழி கிடையாது, ஆடி கிடையாது, புரட்டாசியில் பெரும்பாலும் வைப்பதில்லை. ஆக, தேனிலவும் சில குறிப்பிட்ட மாதங்களில்தான் விழும். அந்த மாதத்தில் அந்தக் கடற்கரையில் வெயிலா மழையா என்பதே முதல் வடிகட்டி.

நம்ம ஊரில் இல்லாதது எது. ஊட்டியும் வால்பாறையும் பக்கத்திலேயே இருக்கின்றன. தேயிலைத் தோட்டம், குளிர், பனிமூட்டம், ரோட்டோரம் யானை எல்லாம் நாம் சின்ன வயதிலிருந்து பார்த்தவை. கொங்கு நாட்டில் இல்லாதது கடல். விமானத்துக்குக் காசு கொடுத்துப் போகிறவர்கள் கடலுக்குப் போங்கள் என்பது என் உறுதியான கருத்து. கீழே ஒவ்வொரு நாட்டையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

வீட்டு வாசலிலிருந்து எவ்வளவு தூரம். விமானம் ஏறும் ஊருக்குப் போகும் செலவும் நேரமும் கணக்கில் வர வேண்டும்.

விளம்பரத்தில் இல்லாத செலவு. விசா, தீவு வரி, பூங்காக் கட்டணம், பெட்டிக் கட்டணம், கார்டு கமிஷன்.

சாப்பாடு. இருவரில் ஒருவர் சைவம் என்றால் இது பெரிய விஷயம். இல்லையென்றால் இதற்காக நாட்டை மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று. கல்யாணம் முடிந்த மறுநாளே கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். மறுவீடு, குலதெய்வம் கோயில், மாமன் வீட்டு விருந்து, சித்தப்பா வீட்டு விருந்து என்று முதல் பத்து நாள் உங்கள் கையில் இருக்காது. இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். வைகாசியிலோ ஆனியிலோ கல்யாணம் என்றால் ஆடி பிறப்பதற்குள் போய் வந்துவிடுங்கள். ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆவணிக் கல்யாணத்துக்குத் தலைதீபாவளி அடுத்து நிற்கும். அந்த வாரம் டிக்கெட் விலையும் ஏறும், மாமனார் வீட்டிலும் விட மாட்டார்கள்.

## மாதத்துக்கு ஏற்ற கடற்கரை

| முகூர்த்த மாதம் | நல்ல இடம் | அப்போது வேண்டாம் |
|---|---|---|
| தை, மாசி, பங்குனி | இலங்கைத் தென்கரை, தாய்லாந்தின் கிராபி, மலேசியாவின் லங்காவி, மாலத்தீவு | பாலி (மார்ச் வரை மழை) |
| வைகாசி, ஆனி | பாலி, இலங்கையின் திரிகோணமலை, மலேசியக் கிழக்குத் தீவுகள் | தாய்லாந்தின் புக்கெட், கிராபி, இலங்கைத் தென்கரை |
| ஆவணி | பாலி, திரிகோணமலை | கிராபி, புக்கெட் |
| ஐப்பசி, கார்த்திகை | நவம்பர் பாதிக்கு மேல் கிராபி. டிசம்பரில் மாலத்தீவு | திரிகோணமலை, தாய்லாந்தின் கோ சாமுய், வியட்நாமின் ஹோய் ஆன் |

ஹோய் ஆன் அழகான ஊர். ஆனால் அக்டோபர், நவம்பரில் ஆறு தெருவுக்குள் வந்துவிடும். வியட்நாமை இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் எடுக்கவில்லை; பார்க்க வேண்டிய ஊர்கள் வடக்கு, நடு, தெற்கு என்று பிரிந்து கிடப்பதால் ஐந்து நாள் லீவுக்குள் அடங்காது.

## எங்கே விமானம் ஏறுவது

கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து நேராகப் போகிற கிழக்குத் திசை வெளிநாடு சிங்கப்பூர். அங்கே இறங்கி மாறினால் பாலி, புக்கெட், லங்காவி எல்லாவற்றுக்கும் போகலாம். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் சிங்கப்பூர் விசா இல்லாமலே விமான நிலையத்துக்குள் மாறிக்கொள்ளலாம். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் விலை குறைவாகத் தெரியும், ஆனால் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு நாட்டுக்குள் நுழைய வேண்டும், விசா வேண்டும். விசா இல்லாவிட்டால் கோவையிலேயே கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள்.

கோவை, திருப்பூர், பொள்ளாச்சிக்காரர்களுக்குக் கொச்சி நெடும்பாசேரி நல்ல தேர்வு. கொழும்பு, கோலாலம்பூர், பாங்காக்குக்கு அங்கிருந்து போட்டி அதிகம், விலை குறையும். டாக்ஸிக்குக் கொடுக்கும் காசில்தான் அந்த லாபம் போகிறது. ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகப் போகும் கேரள ரயிலில் ஏறி ஆலுவாவிலோ அங்கமாலியிலோ இறங்கினால் விமான நிலையம் பக்கம்.

கரூர், நாமக்கல்காரர்கள் கொச்சியை மறந்துவிடுங்கள். திருச்சி உங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி. கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் அங்கிருந்து நேர் விமானம் உண்டு. ஈரோட்டுக்காரர்கள் இரண்டு பக்கத்தையும் விலை பார்த்து முடிவு செய்யலாம். பாலிக்கு நேராகப் போக வேண்டுமானால் பெங்களூரு. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு அது எளிது.

## இலங்கை

யாருக்கு: லீவு குறைவு, கை இறுக்கம், முதல் வெளிநாட்டுப் பயணம்.

திருச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கிளம்பிய அன்று மாலையே கடலில் கால் நனைக்கலாம். இருவருக்கு 5 இரவு, விமானம் உட்பட, நான் போட்டுக் கொடுக்கும் கணக்கு 80,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை. இந்தப் பட்டியலில் இதுதான் குறைந்தது.

ஏஜென்ட் தரும் வழக்கமான திட்டம் கண்டி, நுவரெலியா, எல்ல, கடைசியில் ஒரு நாள் பெந்தோட்டைக் கடற்கரை. நுவரெலியாவைத் தூக்கிவிடுங்கள். ஏரியில் படகு, தேயிலைத் தொழிற்சாலை, குதிரை சவாரி: ஊட்டியில் பார்த்தது அத்தனையும் அங்கே. எல்லவின் ஒன்பது வளைவுப் பாலமும் மலை ரயிலும் வேண்டுமானால் போகலாம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா சூறாவளி மலைநாட்டு ரயில் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

தை, மாசியில் போகிறவர்களுக்கு என் திட்டம் தென்கரைதான். கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து காலி நகருக்குப் போகும் கரையோர ரயிலில் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் பல இடங்களில் கருங்கல் குவியலும் நாலு தாழம்புதரும் மட்டும்தான். அலை அடித்தால் உப்புத் துளி ஜன்னல் கம்பியில் வந்து ஒட்டும். எதிரே கடலை விற்கிறவர் வருவார், இறால் வடை வரும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். காலிக் கோட்டைக்குள் ஒரு இரவு தங்கி, அங்கிருந்து மிரிஸ்ஸ போங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடலில் திமிங்கலம் பார்க்கப் படகு போகிறது. யானைச் சவாரி, யானைப் பூங்கா என்று ஏஜென்ட் சேர்த்திருந்தால் கழித்துவிடுங்கள்.

வைகாசி, ஆனி, ஆவணியில் தென்கரையில் கடல் கொந்தளிக்கும். அப்போது எதிர்ப்பக்கம், திரிகோணமலை. நிலாவெளியில் மணல் மெத்தென்று இருக்கும். பக்கத்துப் புறாத்தீவில் மீன்களைத் தண்ணீருக்குள் பார்க்கலாம். மலை முனையில் கோணேசர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். பேசுவதும் தமிழ்தான்.

மறைந்திருக்கும் செலவு டிரைவரோடு கூடிய கார். முழுப் பயணத்துக்கும் கார் எடுத்தால் அறை வாடகைக்குச் சமமாகிவிடும். நீண்ட தூரத்துக்கு ரயில், உள்ளூருக்கு ஆட்டோ என்று பிரியுங்கள். சிகிரியா போன்ற இடங்களில் சார்க் நாட்டவருக்கு (நாமும் அதில் சேர்த்தி) கட்டணம் குறைவு, பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் யுபிஐ வேலை செய்கிறது என்பதால் கார்டு கமிஷனும் மிச்சம். நுழைவதற்கு முன் இணையத்தில் ஈடிஏ என்ற பயண அனுமதிக்குப் பதிய வேண்டும். அரசுத் தளத்திலேயே பதியுங்கள், அதே மாதிரி தெரியும் தரகர் தளங்கள் கூடுதலாகக் காசு பிடுங்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் தொட்டுக்கொள்ளத் தரும் சம்பலைக் கேட்டுவிட்டு எடுங்கள், மாசிக்கருவாடு போட்டிருப்பார்கள்.

## மலேசியா

யாருக்கு: ஊரைச் சுற்றவும் வேண்டும், கடலும் வேண்டும், வீட்டுப் பெரியவர்களையும் சமாதானப்படுத்த வேண்டும்.

பெரியவர்கள் என்று சொல்லக் காரணம் பத்துமலை. "கல்யாணமாகி வெளிநாட்டுக்கு எதுக்கு?" என்று கேட்கும் ஆத்தா, முருகனைப் பார்க்கப் போகிறோம் என்றால் திருநீறு பூசி அனுப்பிவைப்பார். 2006இல் திறந்த 140 அடி முருகன் சிலையும் 272 படிகளும் காலை ஏழு மணிக்குள் போனால் அமைதியாகப் பார்க்கலாம். தைப்பூச வாரத்தில் கோலாலம்பூரில் கூட்டம் சொல்லி மாளாது. தை மாதக் கல்யாணக்காரர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா தேவையில்லை. போவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பினால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. வாழையிலைச் சாப்பாடு எந்த ஊரிலும் கிடைக்கும்.

ஏஜென்ட் திட்டத்தில் கெந்திங் மலை கட்டாயம் இருக்கும். குளிர், மூடுபனி, ரோப் கார். நமக்கு அது தேவையே இல்லை. அந்த நாளை லங்காவிக்குக் கொடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வானம் தெளிவு. வைகாசி, ஆனி என்றால் கிழக்குக் கரையில் பெர்ஹென்டியன், ரெடாங் தீவுகள். இந்தப் பயணத்தில் கண்ணாடி மாதிரி தண்ணீர் அங்கேதான். அவை மழைக்காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஏறக்குறைய மூடியே இருக்கும்.

செலவு 1 லட்சத்தைச் சுற்றி. வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, அதை ஹோட்டலில்தான் கட்ட வேண்டும். கோலாலம்பூரிலிருந்து லங்காவிக்கு உள்நாட்டு விமானத்தில் பெட்டிக்குத் தனிக் காசு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டி போடுங்கள்.

## தாய்லாந்து

யாருக்கு: தை முதல் பங்குனி வரை, அல்லது கார்த்திகையில் கல்யாணம் ஆனவர்கள், கடல்தான் முக்கியம் என்பவர்கள்.

நம் ஊரில் அதிகம் விற்பது பாங்காக், பட்டாயா 4 இரவு பேக்கேஜ். விலை குறைவாக இருக்கும். ஆனால் அதைத் தேனிலவுக்கு நான் சொல்ல மாட்டேன். பட்டாயாவின் இரவுத் தெருக்கள் நண்பர்கள் கூட்டத்துக்காக ஆனவை. பகலில் முப்பது பேரோடு பஸ்ஸில் ஏற்றி, நகைக்கடையில் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். அந்தக் கடை தரும் கமிஷனில்தான் பேக்கேஜ் மலிவாகிறது. புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர் பேசிக்கொள்ள நேரமே இருக்காது.

அதே காசுக்குச் சற்றுக் கூடச் சேர்த்தால் கிராபி. ஆவ் நாங் கடற்கரையில் தங்குங்கள். அங்கிருந்து நீள்வால் படகில் ரெய்லே போகலாம். மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறை அடைத்து நிற்பதால் ரெய்லேவுக்கு ரோடு கிடையாது, கார் சத்தம் கிடையாது. படகு மணலில் முட்டி நிற்கும், முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கே அதிகம். பீ பீ தீவுப் பூங்காவுக்கு வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 400 பாட். படகுச் சுற்றுலா விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் காசு கட்டாதீர்கள். அங்குள்ள மாயா பே கடற்கரை ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படும். புக்கெட்டில் டாக்ஸி விலை அதிகம், அதனாலும் நான் கிராபி பக்கம். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள் உண்டு. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவது மாதிரி டிக்கெட் போட்டால் நடுவில் அரை நாள் போய்விடும்.

இந்தியர்களுக்கு 2023 நவம்பரில் விசா விலக்கு கொடுத்தார்கள். அது இப்போதும் உண்டா, எத்தனை நாள் என்ற விதி மாறிவருவதால் டிக்கெட் போடும் அன்று தூதரகத் தளத்தில் பாருங்கள். 2025 மே முதல் இணைய வருகை அட்டை கட்டாயம். சாப்பாட்டில் மீன் சாறு எல்லாவற்றிலும் விழும். சைவக்காரர்கள் 'ஜே' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். செலவு ஏறக்குறைய 1.2 லட்சம்.

## பாலி

யாருக்கு: வைகாசி, ஆனி, ஆவணிக் கல்யாணம், குறைந்தது ஆறு, ஏழு நாள் லீவு.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். நமக்கு முகூர்த்தம் அதிகமாக வரும் மே, ஜூன் மாதங்களில் மற்ற கடற்கரைகள் பலவற்றில் மழை, பாலியில் வெயில். அதனால்தான் அந்த மாதங்களில் விமானச் செலவு கூடினாலும் பாலியையே சொல்கிறேன். தங்கும் செலவில் கொஞ்சம் திரும்பி வரும்: சொந்த நீச்சல் குளத்தோடு சிறு வில்லா, நம் ஊர் நல்ல ஓட்டல் அறை வாடகைக்கே உபுத் பக்கம் கிடைக்கும். மொத்தம் 1.5 லட்சம் ஆகும். நாலு நாளுக்குப் போவதானால் காசுக்கு நட்டம். பயணத்திலேயே இரண்டு நாள் போய்விடும்.

விசா இறங்கியவுடன் வாங்கலாம், ஒருவருக்கு 5 லட்சம் ருப்பியா. 2024 பிப்ரவரி முதல் தீவு வரி ஒருவருக்கு 1.5 லட்சம் ருப்பியா. இருவருக்கும் சேர்த்து நம் காசில் ஏறக்குறைய 7,000 ரூபாய், எந்தப் பேக்கேஜ் விளம்பரத்திலும் இது இருக்காது. மார்ச்சில் வரும் நியெபி என்ற மௌன நாளில் விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும். உரிமம் சரியில்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் இன்சூரன்ஸ் காசு வராது. டிரைவரோடு கார் ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது இருவருக்கும் கட்டுப்படியாகும்.

வயல் நடுவில் ஊஞ்சல் கட்டிப் படமெடுக்கும் இடங்களுக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். கோபி வாய்க்கால் கரையில் வளர்ந்தவருக்கு அதில் என்ன இருக்கிறது? ஆனால் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் ஜதிலுவி வயல்களைப் பாருங்கள். மலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயலுக்குக் கோயிலை மையமாக வைத்து முறை போட்டுத் தண்ணீர் பிரிக்கும் சுபாக் ஏற்பாடு அங்கே இன்னும் நடக்கிறது. 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். காலிங்கராயன் பாசனத்தில் முறைத் தண்ணீருக்குக் காத்திருந்த அப்பாவைப் பார்த்தவர்களுக்கு அந்த மடைகள் பேசும்.

## மாலத்தீவு

யாருக்கு: மூன்று நான்கு நாள்தான் லீவு, எங்கும் சுற்ற வேண்டாம், தண்ணீரும் நாங்களும் போதும் என்பவர்கள்.

தண்ணீர் மேல் கட்டிய ரிசார்ட் அறை இந்த பட்ஜெட்டுக்குள் வராது. ஆனால் மக்கள் வாழும் தீவுகளில் 2009 முதல் விருந்தினர் விடுதிகளுக்கு அனுமதி உண்டு. மாஃபுஷி, துலுஸ்தூ, திகுரா போன்ற தீவுகளில் அதே கடல், அதே நீலம். ஒருநாள் மட்டும் காசு கட்டி ரிசார்ட் தீவுக்குப் போய் வரலாம்.

விலையை மட்டும் கூட்டிப் பாருங்கள். அறை 100 டாலர் என்று போட்டிருந்தால் அதன் மேல் 10 சதவீத சேவைக் கட்டணம், பிறகு 17 சதவீத வரி, சிறு விடுதியில் ஒருவருக்கு ஒரு இரவுக்கு 6 டாலர் பசுமை வரி. கையைவிட்டுப் போவது ஏறக்குறைய 140 டாலர். அதோடு தீவுக்குப் போகும் வேகப் படகு. தூரத் தீவு என்றால் படகுக் காசே பயணத்தை விழுங்கும். அதனால் மாலேவுக்கு அருகில் உள்ள தீவாகப் பாருங்கள். விசா இறங்கியவுடன் இலவசம்.

இந்தத் தீவுகளில் மது கிடையாது, கொண்டுபோகவும் கூடாது. நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். சுடிதார் மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இறங்கும் பெண்களுக்குச் சங்கடமே இருக்காது.

## பேக்கேஜா, நாமே போடுவதா

இலங்கை, மலேசியா, மாலத்தீவு மூன்றுக்கும் நீங்களே போடுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் போதும். கிராபிக்கும் அப்படியே. பாலிக்கு மட்டும், இருவருக்கும் இது முதல் வெளிநாடு என்றால், ஏஜென்ட் மூலம் போவதில் நிம்மதி உண்டு; விமானம், அறை, கார் மூன்றுக்கும் தனித்தனி விலை எழுதி வாங்குங்கள். பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது செலவில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். யாருடைய பான் எண்ணில் பிடித்தார்கள் என்று குறித்துவைத்து அவர் கணக்கில் காட்டுங்கள். மாதத் தவணைக்கு வாங்கித் தேனிலவு போக வேண்டாம். காசு போதவில்லையென்றால் அடுத்த தையில் போகலாம்.

கார்டில் தேய்த்தால் பல வங்கிகள் 3 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கும். கமிஷன் இல்லாத கார்டு ஒன்றும் கொஞ்சம் ரொக்கமும் கொண்டுபோங்கள்.

## நகையும் பெயரும்

கல்யாண நகையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அதிக நகையோடுதான் போக வேண்டும் என்றால் புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது கேள்வி வராது. தாலிக்கொடி லைஃப் ஜாக்கெட் பட்டையில் மாட்டிக்கொள்ளும். தண்ணீரில் இறங்குமுன் அதை உள்ளே தள்ளி ரவிக்கையோடு ஒரு ஊக்கு குத்திவிடுங்கள். மஞ்சள் கயிறு புதிதாக இருந்தால் உப்புத் தண்ணீரில் சாயம் இறங்கும், வெள்ளை உடை வேண்டாம்.

பாஸ்போர்ட் திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். பெண்ணின் பெயரோடு கணவர் பெயரைச் சேர்க்கும் வேலையைப் பயணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் அடித்த பெயரில் டிக்கெட் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்து அப்பா பெயராக எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்.